சிறுவயதில் தீ வைத்ததைப் புகைப்படத்தின் வழியே ஆராய்வது பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன், பிசகியிருந்தால் திருத்துங்கள். ஏறக்குறைய எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை யாருக்கும் தெரியாமல் அடிக்கடி தீ வைத்திருக்கிறீர்கள். அதே ஆண்டுகளில்தான் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவையும் உங்களையும் அடித்திருக்கிறார். ஒருமுறை பக்கத்து வீட்டாரின் வைக்கோற்போர் முழுவதும் எரிந்துபோனது. அதற்குத் தீ வைத்தது நீங்கள்தான் என்பது இன்றுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போது சென்னையில் புகைப்படக்கலை படிக்கும் நீங்கள், இறுதியாண்டுப் படத்தொடருக்கு இதையே பொருளாக எடுக்க விரும்புகிறீர்கள். அதற்காகச் சில பொருள்களை எரித்துப் படமெடுக்கலாமா, இந்த வேலை மனத்துக்கு நல்லதா கெடுதலா, வழிகாட்டி சொல்வதுபோல் கூர்நோக்கு இல்லச் சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா, முடிவில் படங்களைப் பக்கத்து வீட்டாரிடம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு நடுவே, "வீட்டில் நடந்ததால்தான் தீ வைத்தேனா, இல்லை எனக்குள்ளேயே ஏதோ கோளாறு இருந்ததா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்றக் கேள்விகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே அதற்கு இயன்றவரை பதில் சொல்லிவிட்டுத்தான் கேமராவுக்கு வர விரும்புகிறேன்.

நான் மருத்துவ உளவியலாளர். குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியிருக்கிறேன். தீ வைத்ததற்காகப் பெற்றோரோ பள்ளியோ அழைத்துவந்த சிறுவர் சிறுமியரைப் பார்த்திருக்கிறேன். சிறுவயதில் செய்ததை முப்பது வயதில் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். படங்களை முன்வைத்துப் பேசும் முறைகளைச் சிகிச்சையில் பயன்படுத்துகிறேன் என்றாலும் நான் புகைப்படக் கலைஞர் அல்ல. ஒரு படம் கலையாகத் தேறுமா என்பதில் என் கருத்துக்கு மதிப்பில்லை. நேரில் பார்க்காத ஒருவருக்கு நோய்க்கணிப்புச் சொல்லவும் கூடாது. இந்த எல்லைக்குள் நின்று என் நிலைப்பாட்டை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: இந்தப் படத்தொடர் உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால், நீங்கள் வைத்த தீயைக் காட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தீக்கும் முந்தைய சில மணி நேரத்தைத் தேடிப் போக வேண்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். தீயின் மீது குழந்தைகளுக்கு ஈர்ப்பு இருப்பது இயல்பானது. தீக்குச்சியை உரசிப் பார்ப்பதும் காகிதத்தை எரித்துப் பார்ப்பதும் ஏராளமான குழந்தைகள் செய்வதுதான். அவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு முறையோடு விட்டுவிடுகிறார்கள். எங்களைக் கவலைப்பட வைப்பது வேறொரு வடிவம்: திரும்பத் திரும்ப நடப்பது, தீப்பெட்டியையோ மண்ணெண்ணெயையோ முன்கூட்டியே எடுத்து ஒளித்து வைப்பது, கோபமோ அவமானமோ வந்த நாள்களில் தீயை நாடுவது, கண்டித்த பிறகும் தொடர்வது. நீங்கள் எழுதியிருப்பதில் இவற்றுள் சில இருக்கின்றன. கனடாவின் டொரோன்டோவில், தீ வைக்கும் குழந்தைகளுக்கென்றே இயங்கிய ஒரு சிகிச்சைத் திட்டத்துக்கு வந்தவர்களைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வு, அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அடி உதைக்கோ, புறக்கணிப்புக்கோ, வேறு வகைக் கொடுமைக்கோ ஆளானவர்கள் என்று காட்டியது. அப்படி ஆளான குழந்தைகளின் தீவைப்பு, மற்றவர்களுடையதை விடத் தீவிரமாக இருந்தது. குடும்பத்தில் ஏற்பட்ட நெருக்கடியையும் கோபத்தையும் ஒட்டி நிகழ்வது அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. உங்கள் அனுபவம் தனித்த விசித்திரம் இல்லை என்பதை இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது. பாதிப் பேர் கொடுமைக்கு ஆளானவர்கள் என்றால் மறுபாதி ஆளாகாதவர்கள். அடிவாங்கி வளர்ந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் எதற்கும் தீ வைப்பதில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஆயிரம் பேரைப் பார்த்துச் சொல்லலாம்; ஒரு குறிப்பிட்ட ஆளிடம், ஒரு குறிப்பிட்ட மாலையில், இதனால்தான் அது நடந்தது என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. பொதுவான தொடர்பைத் தனிமனிதக் காரணமாக மாற்றிக்கொள்ளும் ஆசை வலியோடு வருகிற எல்லோரிடமும் உண்டு. அதை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன். அதற்கு இணங்கிப் போவது உங்களுக்கு நன்மை செய்யாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"எனக்குள்ளேயே கோளாறு" என்ற பகுதிக்கு வருகிறேன். தீ வைக்கும் உந்துதலைக் குறிக்கும் மனநலக் கோளாறான பைரோமேனியா என்ற பெயரை எங்கோ படித்துப் பயந்திருக்கிறீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, தீ வைக்கும் முன் ஒருவித இறுக்கமோ கிளர்ச்சியோ, தீயின் மேல் தீராத ஈர்ப்பு, வைத்தபின் இன்பமோ விடுதலையுணர்வோ இருந்தால் மட்டுமே அந்தப் பெயரைப் பற்றி யோசிக்கலாம். கோபத்தாலோ பழிவாங்கும் எண்ணத்தாலோ வைத்த தீ இதில் சேராது. அந்த வரையறைக்குள் முழுமையாக வருபவர்கள் மிகவும் அரிது, குழந்தைகளில் இன்னும் அரிது. இதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் உளப்பகுப்பாய்வின் முன்னோடி பிராய்ட் தீயை அடக்குவதைச் சிறுநீர் கழிக்கும் ஆசையோடும் காம உணர்வோடும் இணைத்து எழுதினார். அது ஒரு கற்பனை வளமுள்ள ஊகம் என்பதற்கு மேல் நிலைக்கவில்லை. 1963இல் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர், படுக்கையை நனைத்தல், விலங்குகளை வதைத்தல், தீ வைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதைக் கொலை மிரட்டல் விடுத்த தம் நோயாளிகள் சிலரிடம் கண்டதாக எழுதினார். அந்தச் சிறு கவனிப்பைத்தான் திரைப்படங்களும் செய்திக் கட்டுரைகளும் "எதிர்காலக் கொலையாளியின் அடையாளங்கள்" என்று ஊதிப் பெருக்கின. பிற்கால ஆய்வுகள் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. அந்த மூன்றும் கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகளிடம் தென்படும் துயர அடையாளங்கள் என்றே இன்று பலர் கருதுகிறார்கள். அந்தப் பட்டியலை வைத்து உங்களை அளந்துகொள்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இன்று துறையில் அதிகம் பயன்படும் கோட்பாடு, இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெரசா கேனனும் அவருடைய சகாக்களும் 2012இல் முன்வைத்தது. தீ வைக்கும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே வழியில் அங்கு வந்து சேர்வதில்லை என்பது அதன் சாரம். பொதுவான குற்றப் போக்கின் பகுதியாகச் செய்பவர்கள், மனக்குறையைத் தீர்த்துக்கொள்ளச் செய்பவர்கள், தீயின் மேலுள்ள ஈடுபாட்டால் செய்பவர்கள், வேறெவ்வகையிலும் வெளிப்படுத்த முடியாத உணர்வைத் தீயால் வெளிப்படுத்துபவர்கள், இவை பலவும் கலந்தவர்கள் என்று அது பிரிக்கிறது. பெரியவர்களுக்கான கோட்பாட்டை எட்டு வயதுக் குழந்தையின் மேல் அப்படியே பொருத்தக் கூடாது. என்றாலும் வெளிப்படுத்த முடியாத உணர்வு என்ற அந்த வழி, நான் பார்த்த குழந்தைகள் பலருக்குப் பொருந்தியது. அடிக்கிற ஆளிடம் வாய் திறக்க முடியாது, அடிபடுகிற அம்மாவைக் காப்பாற்ற முடியாது, வீட்டை விட்டுப் போகவும் முடியாது என்றிருக்கும் குழந்தைக்கு, தன் விரலசைவால் தோன்றி, தான் பார்க்கப் பார்க்க வளர்ந்து, தன்னால் அணைக்கவும் முடிகிற ஒரு பொருளாகத் தீ கிடைக்கிறது. இது என் அனுபவத்திலிருந்து எழும் விளக்கமே தவிர நிறுவப்பட்ட உண்மை அல்ல. உங்களுக்கு அது பொருந்துகிறதா என்பதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. புகைப்படம் உதவக்கூடிய இடமும் அதுதான்.

1983இல் அமெரிக்காவில் பம்பஸ் என்ற மருத்துவரும் அவருடைய சக பணியாளர்களும், தீ வைக்கும் குழந்தைகளோடு பணியாற்ற எளிமையான ஒரு முறையை வெளியிட்டார்கள். குழந்தையையும் பெற்றோரையும் உட்காரவைத்து, தீ வைத்த அந்த ஒரு நாளை ஒரு தாளில் வரைபடமாகப் போடுவார்கள். கீழே நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக: பள்ளியிலிருந்து வந்தது, யாரோ திட்டியது, தட்டில் சோறு போட்டது, கதவு சாத்தப்பட்டது. மேலே ஒவ்வொரு நிகழ்ச்சியின்போதும் இருந்த உணர்வும் அதன் அளவும். அந்தக் கோடு ஏறி எங்கே முறிகிறது, எந்த நிமிடத்தில் தீப்பெட்டி கைக்கு வருகிறது என்பதைக் குழந்தையே தன் கண்ணால் பார்க்கும். "ஏன் தீ வைத்தாய்" என்ற கேள்விக்குக் குழந்தையிடம் பதில் இருப்பதில்லை. "அதற்கு முன்பு என்ன நடந்தது, அதற்கும் முன்பு" என்ற கேள்விக்கு இருக்கும். அடுத்த முறை அதே உணர்வு ஏறத் தொடங்கும்போதே அதை அடையாளம் கண்டு வேறு வழியில் திருப்புவது இம்முறையின் நோக்கம். நான் இதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். பெரியவர்களிடம், கோட்டுக்குப் பதிலாகப் படங்களை வரிசையாக வைத்தும் செய்திருக்கிறேன். அந்த மாற்றம் என் கைப்பழக்கம். அதை யாரும் முறையாகச் சோதித்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படத்தை மனத்தின் பக்கம் திருப்பும் முயற்சி பழையது. 1856இலேயே ஹியூ டயமண்ட் என்ற மருத்துவர், இங்கிலாந்தில் தம் பொறுப்பிலிருந்த மனநலக் காப்பகத்துப் பெண்களைப் படமெடுத்து, அப்படங்கள் நோயை அறியவும் நோயாளிக்கே பயன்படவும் கூடும் என்று லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்தார். அங்கே கேமரா மருத்துவரின் கையில் இருந்தது. அது மறுபுறம் வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மானுடவியலாளர் ஜான் கோலியர் 1957இல், நேர்காணலின்போது படத்தை முன்னால் வைத்தால் வெறும் கேள்வியை விட ஆழமாகவும் விரிவாகவும் மக்கள் பேசுகிறார்கள் என்று எழுதினார். கனடாவில் ஜூடி வைசர் என்ற உளவியலாளர், தானே எடுத்த படங்கள், பிறர் தன்னை எடுத்த படங்கள், தன்னைத் தானே எடுத்தவை, குடும்ப ஆல்பம், பார்ப்பவர் தன் பொருளை ஏற்றிச் சொல்லும் எந்தப் படமும் என ஐந்து வழிகளை வகுத்தார். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் சிகிச்சையின் ஒரு பகுதியாகப் படத்தைப் பயன்படுத்துவது ஒன்று, ஒருவர் தன்னை அறியத் தானாகவே படமெடுப்பது வேறொன்று என்று அவர் பிரித்தார். நீங்கள் செய்யப்போவது இரண்டாவது வகை என்பதை மறவாதீர்கள். இங்கிலாந்தில் புகைப்படக் கலைஞர்கள் ஜோ ஸ்பென்ஸும் ரோஸி மார்ட்டினும் 1980களில் சிறுவயதுக் காட்சிகளைத் தாங்களே உடையணிந்து நடித்துப் படமெடுத்தார்கள். அம்மாவாக, பள்ளிச் சிறுமியாக, நோயாளியாகத் தன்னை நிறுத்திப் பார்க்கும் அந்த வேலை, குடும்ப ஆல்பம் மறைத்தவற்றை வெளியே கொண்டுவந்தது. உங்கள் வழிகாட்டி அவர்களைச் சுட்டியிருப்பது சரியான திசைதான். ஆனால் அவர்கள் தனியாகச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் படமெடுக்க மற்றவர் முன்னால் நின்றார். ஒருவருக்கொருவர் ஆலோசகராக இருந்து பேசும் பழக்கத்திலிருந்தே அந்த வேலை பிறந்தது.

இனி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் எப்படித் தொடங்குவேன் என்று சொல்கிறேன். வைக்கோற்போரை விட்டுவிட்டு, நினைவிலிருப்பவற்றுள் மிகச் சிறிய, யாருக்கும் கேடு வராத ஒரு தீயைத் தேர்ந்தெடுப்பேன். அந்த நாளை ஒரு தாளில் மணிவாரியாக எழுதுவேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம்: பள்ளிவிட்டு வந்த பாதை, செருப்பு கழற்றிய வாசல், அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் நீங்கள் நின்ற மூலை, அந்த உயரத்திலிருந்து தெரிந்த கதவின் கீழ்ப்பாதி, தீப்பெட்டி இருந்த அடுப்பு மேடை. எட்டு வயதுக் குழந்தையின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அளந்து கேமராவை அங்கே வையுங்கள். பெரியவரின் உயரத்திலிருந்து எடுத்த வீடும் அந்த உயரத்திலிருந்து எடுத்த வீடும் வேறு வேறு வீடுகள் என்பது எடுத்தவுடன் தெரியும். பழைய வீடு இப்போது இல்லையென்றாலோ, போக முடியாதென்றாலோ, அதைப் போன்ற வேறொரு இடம் போதும். படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் அப்போது உடம்பில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்: வயிற்றில் இறுக்கம், காதில் சூடு, ஒன்றுமே உணராத மரத்துப்போன நிலை. காரணம் எழுதாதீர்கள், காரணத்தை முதலில் எழுதினால் அதற்குப் பொருந்தும் படங்களைத்தான் கை தேடும். தீ வர வேண்டிய இடத்தில் வரிசையை நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது தீக்கும் மூன்றாவது தீக்கும் இதையே செய்து, வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே கதவோ, ஒரே சத்தமோ, ஒரே மௌனமோ திரும்பத் திரும்ப வருகிறதென்றால், "வீட்டில் நடந்ததாலா" என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. வரவில்லையென்றால் அதுவும் குறிப்புத்தான். சில தீக்கள் வீட்டுக் கோபத்தோடும், சில வெறும் சலிப்போடும் ஆவலோடும் தொடங்கியிருக்கலாம். பெரும்பாலானவர்களிடம் நான் கண்டது அத்தகைய கலவையைத்தான்.

இங்கே கடுமையாக எச்சரிக்க வேண்டிய ஒன்று உண்டு. புகைப்படம் நினைவை மீட்பது போலவே நினைவை உருவாக்கவும் செய்யும். 2002இல் உளவியலாளர் கிம்பர்லி வேடும் சகாக்களும் வெளியிட்ட சோதனையில், இருபது பேரிடம் அவர்களுடைய உண்மையான சிறுவயதுப் படங்கள் மூன்றோடு, வெப்பக்காற்று பலூனில் அவர்கள் பறப்பதுபோல் ஒட்டிச் செய்த பொய்ப் படம் ஒன்றையும் காட்டினார்கள். சில நாள்களில் நடந்த மூன்று நேர்காணல்களின் முடிவில், பாதிப் பேர் நடக்கவே நடக்காத அந்தப் பயணத்தை முழுமையாகவோ ஓரளவோ "நினைவுகூர்ந்தார்கள்". படம் பொய்யாக இருக்க வேண்டிய தேவைகூட இல்லை. 2004இல் கனடாவில் ஸ்டீபன் லிண்ட்சேயும் சகாக்களும், ஆசிரியரின் மேசையில் குறும்பு செய்ததாக ஒரு கற்பனைச் சம்பவத்தை மாணவர்களிடம் சொல்லி, சிலருக்கு மட்டும் அவர்களுடைய உண்மையான வகுப்புப் படத்தையும் கொடுத்தார்கள். படம் கையில் இருந்தவர்களிடம் பொய் நினைவு வெகுவாகக் கூடியது. நீங்கள் செய்யப்போவதோ, சிறுவயதுக் காட்சியை மறுபடி அமைத்து, பலமுறை எடுத்து, திரையில் திருத்தி, வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. ஆறு மாதம் கழித்து, உங்கள் நினைவு எது, உங்கள் படம் எது என்று உங்களுக்கே தெரியாமல் போகலாம். ஆகவே முதல் படத்தை எடுப்பதற்கு முன்பே, நினைவிலிருப்பது அனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தேதியிட்டுவிடுங்கள். எது உறுதி, எது மங்கல், எது பிறர் சொல்லிக் கேட்டது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியுங்கள். பிறகு அதைத் திருத்தாதீர்கள். உங்கள் படங்களைப் பார்ப்பவர்களிடமும், இவை மறுபடி அமைத்தவை, சான்றுகள் அல்ல என்று சொல்வது உங்கள் கடமை. படமெடுக்கும்போது புதிதாக ஏதேனும் கொடுமை நினைவுக்கு வந்தால் அதைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், உண்மை என்று உறுதிசெய்யவும் வேண்டாம். குறித்துவைத்து, பயிற்சி பெற்ற ஒருவரோடு பேசுங்கள்.

எரித்துப் படமெடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். தீ விபத்து நேரும் ஆபத்து ஒருபுறம் இருக்க, எனக்கு முக்கியமான காரணம் வேறு. அந்த வயதில் தீ உங்களுக்கு ஏதோ ஒரு விடுதலையைத் தந்திருக்கிறது. தராமல் நான்கு ஆண்டுகள் நீடித்திருக்காது. தீப்பெட்டி உரசும் சத்தமும் மண்ணெண்ணெய் வாசமும் மனத்தோடு பின்னிக் கிடப்பவை. கலை என்ற நியாயத்தோடு அதைத் திரும்பச் செய்வது, ஆராய்வதற்குப் பதிலாக அந்தப் பழைய வழியையே மறுபடி திறந்துவிடக்கூடும். இன்றும் எப்போதாவது, குறிப்பாக மனம் நொந்த நாள்களில், எதையாவது எரிக்க வேண்டும் என்ற உந்துதல் வருகிறதென்றால், இந்தத் தொடரைத் தொடங்குவதற்கு முன் மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ நேரில் பாருங்கள்; இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படி எதுவும் இல்லையென்றாலும்கூட, தீச்சுவாலை படத்தில் வந்தவுடன் பார்ப்பவரின் கண் அதற்குத்தான் போகும். கதவின் கீழ்ப்பாதியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மனத்துக்கு நல்லதா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்வின் மிகக் கடினமான அனுபவத்தைப் பற்றி நான்கு நாள்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள், எழுதி முடித்தவுடன் முன்னைவிட வருத்தமாக உணர்ந்தார்கள். பின்வந்த மாதங்களில் நோயென்று மருத்துவரிடம் போனது மட்டும் அவர்களிடம் குறைந்திருந்தது. அது எழுத்தைப் பற்றியது, படத்தைப் பற்றியது அல்ல. பின்னர் வந்த ஆய்வுகளில் அதன் பயன் முதலில் நினைத்ததை விடச் சிறியதாகவே தெரிந்தது. எனினும் உடனடி வருத்தம் கூடும் என்பதையும், நேரத்துக்கு எல்லை வைத்திருந்தார்கள் என்பதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். படமெடுக்கும் நாளில் தனியாக இருக்காதீர்கள், இரவில் தொடங்காதீர்கள், முடித்தபின் போக ஓர் இடமும், விஷயம் தெரிந்த ஓர் ஆளும் இருக்கட்டும். ஒன்றிரண்டு நாள் தூக்கம் கெடுவது இயல்பு. ஆனால் பழைய நிகழ்ச்சி இப்போதே நடப்பதுபோல் வந்து தாக்கினாலோ, உங்களை நீங்களே வெளியிலிருந்து பார்ப்பதுபோல் விலகிப்போன உணர்வு நீடித்தாலோ, குடிப்பது கூடினாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலோ, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். படிப்பு முடிப்பதற்கான தேதியை முன்னிட்டு இந்த வேலையை விரைவுபடுத்த வேண்டிவந்தால், வேறு பொருளைத் தேர்ந்தெடுத்துப் படிப்பை முடித்துவிட்டு இதற்குப் பிறகு வரலாம்.

எது சிகிச்சை, எது சிகிச்சை இல்லை என்பதிலும் தெளிவு வேண்டும். குழந்தைகள் தீ வைப்பதைக் குறைப்பதில் ஓரளவு சான்றுள்ள முறைகள் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் டேவிட் கோல்கோ 2001இல் வெளியிட்ட ஆய்வு, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை, முறையான தீப்பாதுகாப்புக் கல்வி, தீயணைப்பு வீரர் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசிப் போவது ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. மூன்றிலும் தீவைப்பு குறைந்தது. முதலிரண்டும் பல அளவுகளில் மூன்றாவதை விட நன்றாக இருந்தன. சிறுவயதுக் கொடுமையின் பின்விளைவுகளுக்கு, மனக்காயத்தை மையமாகக் கொண்ட சிந்தனை நடத்தைச் சிகிச்சைக்கு உறுதியான சான்று இருக்கிறது. அதன் ஒரு கட்டத்தில், நடந்ததைக் கதையாக எழுதியோ வரைந்தோ சொல்ல வைப்பார்கள், அங்கே படங்களுக்கு இடம் உண்டு. புகைப்படம் தனியாகத் தீவைப்பையோ மனக்காயத்தையோ தீர்க்கும் என்று சொல்லுமளவுக்கு நம்மிடம் சான்று இல்லை. பேச்சைத் திறக்கும் சாவி என்ற அளவில் அதன்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் உங்களோடு நடக்க ஓர் ஆள் வேண்டும்.

கூர்நோக்கு இல்லச் சிறுவர்களைச் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, சட்டத்துக்கு முரணாகச் செயல்பட்டதாகச் சொல்லப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். கையிலுள்ள தழும்பும் தெருவின் சுவரும் ஊர்க்காரருக்குப் போதுமான அடையாளங்கள். சட்டம் இல்லையென்றாலும் என் பதில் இதுவே. காவலில் இருக்கும் குழந்தையால் "முடியாது" என்று சொல்ல முடியாது. அதனால் அது சொல்லும் "சரி"க்குச் சம்மதத்தின் பொருள் இல்லை. ஆய்வாளர்கள் கரோலின் வாங்கும் மேரி ஆன் பரிஸும் 1990களில் சீனாவின் யூனான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்தபோது, எதை எடுப்பது, எதைக் காட்டுவது என்ற முடிவும் அந்தப் பெண்கள் கையில்தான் இருந்தது. உங்கள் தொடரில் அந்த முடிவு உங்கள் கையில் இருக்கும்வரை அது உங்கள் கதை. வேறொரு குழந்தையின் முகம் வந்தவுடன் அது இன்னொருவரின் வாழ்க்கை.

அம்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் முதலில் சொல்லுங்கள், சுவரில் மாட்டுவதற்கு முன். தான் அடிவாங்கியதைப் பிள்ளை உலகுக்குக் காட்டப்போகிறது என்பது அவருக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், இரண்டாவது அவமானமாகவும் இருக்கலாம். அதை உங்களாலோ என்னாலோ ஊகிக்க முடியாது. அவர் வேண்டாம் என்றால், அவருடைய உருவமும் குரலும் வராமல் உங்கள் உயரத்திலிருந்து தெரிந்ததை மட்டும் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பது என் எண்ணம். ஒழுக்கவியல் படித்தவர்கள் இதில் என்னோடு மாறுபடலாம்.

பக்கத்து வீட்டாரைப் பொறுத்தவரை, படங்களின் வழியாகத் தெரிவிப்பது அவர்களுக்குச் செய்யும் இன்னொரு தீங்கு என்று கருதுகிறேன். கண்காட்சிச் சுவரின் முன், அறிமுகமில்லாதவர்கள் நடுவே, தங்கள் இழப்பின் காரணத்தை அவர்கள் முதன்முதலாக அறியக் கூடாது. சொல்வதென்று முடிவெடுத்தால் நேரில், தனியாக, தொடர் வெளிவருவதற்கு வெகு முன்பே சொல்லுங்கள். ஆனால் அதற்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஏழு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை, தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லாத நிலையில் செய்ததைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை; பதினெட்டு வயதுக்குமுன் செய்த செயலுக்காகப் பின்னாளில் விசாரிக்கப்பட்டாலும், ஒருவர் குழந்தையாகவே நடத்தப்பட வேண்டும் என்றும் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. இவை உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பது, வைக்கோற்போர் எரிந்த அன்று உங்களுக்குப் பன்னிரண்டு நிறைந்திருந்ததா என்பதையும் வேறு விவரங்களையும் பொறுத்தது. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அவர்கள் மன்னிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், மன்னிப்பைப் படத்தொடரின் கடைசிப் படமாகவும் திட்டமிடாதீர்கள். வைக்கோலுக்கு என்ன விலை, அந்த ஆண்டு மாட்டுக்குத் தீவனத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு, முடிந்ததை ஈடுசெய்ய முன்வாருங்கள். அந்தச் சந்திப்புக்குக் கேமராவை எடுத்துச் செல்ல வேண்டாம்.